வெள்ளிக்கிழமை பாஸ் அப்

ஜூன் 24, செவ்வாய்

மூளை அறிவியல் விரிவுரையாளர் வேலைக்கு இன்று மூன்று பேர் வந்து பேசினார்கள். கடைசியாகப் பேசியவள் கோயம்புத்தூர்க்காரி அனுப்பிரியா. இங்கே மலேசியாவில், காஜாங்கில் ஒப்பந்த வேலை; ஜூலையோடு பெர்மிட் முடிகிறது, வேறு வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். தப்பு செய்த மறுகணமே, நமக்குத் தெரியும் முன்பே, மூளைக்குத் தெரிந்துவிடுமாம். தலையில் கம்பி ஒட்டி அதை அளக்கிறாள். எந்தக் கூட்டத்திலும் தூங்கிவிடும் எங்கள் துறைத் திருச்செல்வமே நிமிர்ந்து உட்கார்ந்து கேள்வி கேட்டார். தேர்வுக் குழுவில் அவளுக்காக நான் கத்தாத குறை. டீனுக்கு முதலில் பேசிய சதீஷ்குமார்தான் பிடித்திருக்கிறது. பார்ப்போம்.

ஜூன் 30, திங்கள்

ஜெயித்தேன்! வேலை அனுவுக்குத்தான். சதீஷ்குமார் இரண்டாவது. போனில் அழுதுவிட்டாள். "பொண்ணுக்கு ஸ்கூல் மாத்த வேண்டாம்லக்கா?"

ஜூலை 1, செவ்வாய்

டீன் லண்டனிலிருந்து வந்து இரண்டு மாதம்தான். பொறுமையே கிடையாது. அனு என்ன சொல்கிறாள் என்று வாட்ஸ்அப்பில் கேட்டார். அவளைக் கூப்பிட்டேன். "ஆஃபர் லெட்டர்ல கையெழுத்துப் போட்டாச்சுக்கா. வெள்ளிக்கிழமை நேர்ல கொண்டாந்து குடுத்துடறேன்." வெள்ளிக்கிழமை ஆஃபரை பாஸ் அப் பண்ணுவாள் என்று ஆங்கிலத்தில் தட்டிவிட்டேன். தகவலுக்கு நன்றி என்றார்.

ஜூலை 4, வெள்ளி

யா அல்லாஹ்.

அனு கடிதத்தோடு வந்தாள். டீன் முகம் வெளுத்துவிட்டது. சதீஷ்குமார் நேற்றே கையெழுத்துப் போட்டாயிற்றாம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு என் மெசேஜையே காட்டினார்.

பாஸ் அப் என்றால் ஒப்படைப்பது. கிள்ளான் பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து எனக்கு அதுதான் அர்த்தம் — நோட்டை பாஸ் அப் பண்ணு, ஹோம்வொர்க்கை பாஸ் அப் பண்ணு. அவர் ஊரில் வேண்டாம் என்று விட்டுவிடுவதாம்! அனு மறுத்துவிட்டாள் என்று வேலையைத் தூக்கி சதீஷ்குமாருக்குக் கொடுத்துவிட்டார். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா மனுஷன்? நான்தான் ஆகட்டும், நேராக 'கொடுப்பாள்'னு எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா? மறுகணமே தெரியுமாம். என் மூளைக்கு மூன்று நாளாகியும் தெரியவில்லை.

இருப்பது ஒரே இடம். மாற்ற முடியாது. அனுவிடம் 'அலுவலகக் குழப்பம்' என்று மட்டும் சொல்லி அனுப்பினார். என்னைக் காப்பாற்றுகிறாராம்.

ஜூலை 5, சனி

என் வீட்டுக்காரர் சலாவுதீன், "வேணும்னா செஞ்ச? தவறிப்போச்சு லா," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அவகிட்ட நீயே சொல்லிடு ருக்கையா."

ஜூலை 15, செவ்வாய்

அனுவுக்காக சுபாங் ஜெயா, அம்பாங், தெரிந்த இடமெல்லாம் கேட்டாகிவிட்டது. எங்கும் ஆள் எடுக்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

இன்றிரவு அனுவுக்கு ஊருக்கு விமானம். காலையில் அவளும் மகளும் எங்கள் வீட்டுக்குப் பசியாற வந்தார்கள். சொல்லிவிடுவது என்றுதான் கூப்பிட்டிருந்தேன். நான் வாயெடுக்கும் முன் அவள் சலாவுதீனிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். "அந்த யூனிவர்சிட்டில அக்கா ஒருத்தங்கதாண்ணே எனக்காக நின்னாங்க. அதை மறக்கவே மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவள் தட்டில் இன்னொரு இடியாப்பம் வைத்தேன்.