இருபத்திரண்டு வீட்டுப் பட்டியலும் ஒரே ஒரு கேபிளும்

செப்டெம்பர் 1, 2025

யோகராஜ் என்னைத் தோட்டக் கம்பனிக்கு விலைபோனவள் என்று சொல்லிவிட்டான். அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை, அவ்வளவு தைரியம் அவனுக்கு இல்லை. நேற்றுக் கமிட்டிக் கூட்டத்தில் நாற்பது பேர் முன்னால், செயலாளர் கதிரையில் இருந்துகொண்டு, "பட்டியல் டொரதி அக்கா கையிலதான் இருந்திச்சு. இப்ப டிஸ்க்கு செத்துப்போச்சுங்கிறாங்க. விசாரணைக்கு கூப்புட்ட மாசத்துலயா அது சாகணும்?" என்றான். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன். 2004இல் மண்சரிவில் கீழ்ப் பிரிவு லயத்து வரிசை வீடுகள் போன பிறகு, இருபத்திரண்டு குடும்பங்களுக்கு மேட்டில் வீடு கட்ட இடம் கொடுத்தார்கள். யாருக்கு எந்த இடம் என்று பட்டியல் அடித்தவள் நான். அப்போது தோட்ட மேனேஜராக இருந்த பெரிய தொரை அதில் கையெழுத்துப் போட்டார். கையெழுத்தோடு ஸ்கேன் பண்ணி வைத்தவளும் நான். காகிதப் பிரதியைக் கமிட்டி அலுமாரியில் கறையான் தின்றது. அந்த அலுமாரிச் சாவி யோகராஜிடம். அதை யாரும் கேட்கவில்லை!

23ஆம் திகதி பிரதேச செயலகத்தில் விசாரணை. அத்துமீறிக் குடியேறியவர்கள் என்கிறது புதிய கம்பனி. பட்டியல் இல்லையென்றால் இருபத்திரண்டு வீடும் போகும்.

செப்டெம்பர் 2

எல்லாம் அந்த பஹீமால் வந்தது.

என் பழைய கம்ப்யூட்டர் இயங்கவில்லை. ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றித் துவாயில் சுற்றி, போன வியாழன் கண்டிக்குக் கொண்டுபோனேன். பஹீம் அலவத்துகொடப் பையன், பஸ் நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் திருத்தும் கடை. மூலையில் கிடந்த ஒரு பழைய மெஷினைத் தூசி தட்டினான்.

"ஆன்ட்டி, இது மாஸ்டர்ல ஈக்கா, ஸ்லேவ்ல ஈக்கா?"

"என் சாமான் யாருக்கும் அடிமை இல்ல. போட்டுப் பாருங்க."

சிரித்துக்கொண்டே தன் டிஸ்க் இருந்த கேபிளிலேயே என்னுடையதையும் மாட்டினான். திரையில் ஒன்றும் வரவில்லை. "இது மவுத்தாகிட்டு போல ஆன்ட்டி. வச்சிட்டுப் போங்க, ஆறுதலா பாத்து செல்றன்."

செத்திருக்குமாம், மெதுவாகப் பார்த்துச் சொல்கிறானாம். வைத்துவிட்டுப் போகவா? இருபத்திரண்டு வீட்டை அவன் மேசையில் வைத்துவிட்டு வரவா? பிடுங்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் எங்கள் தோட்டத்துப் பையன் சஞ்சீவ் கேட்டான், சொன்னேன். அவன் யோகராஜிடம் சொல்லியிருக்கிறான்.

பள்ளிக்கூட றேணுகா மிஸ் தன் லப்டொப்பை பஹீமிடம்தான் திருத்தக் கொடுக்க இருந்தாராம். கொடுக்காதீங்க, அவனுக்கு ஒன்றும் தெரியாது என்றேன். கோயில் வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன்.

செப்டெம்பர் 4

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தேன். இரண்டு கேபிளில் ஒன்றை எலி கடித்திருக்கிறது. சனியன்.

செப்டெம்பர் 5

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பிள்ளை பார்த்தவள். டைப்பிங்கை நானே படித்தேன். பிறகு கடன் பட்டு கம்ப்யூட்டர் வாங்கி, அதன் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்தேன்.

அந்தப் புத்தகத்தில்தான் அது இருந்தது. ஒரு கேபிளில் இரண்டு சாமான் மாட்டலாம். ஹார்ட் டிஸ்கும் சீடி டிரைவும் கூடச் சேர்ந்து இருக்கலாம். ஆனால் எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்பக்கத்துக் கம்பிகளில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் தொப்பி இருக்கும். அதை இடம் மாற்றினால் சரி. ஸ்லேவ் என்பதற்கு அகராதியில் அடிமை என்று இருந்தது. புத்தகத்தை மூடிவிட்டேன்.

என் பிறப்புப் பத்திரத்தில் தகப்பனின் தொழில் 'தோட்டக் கூலி'. அதைக் காட்டிக் காட்டித்தான் நான் வளர்ந்தேன். என் வீட்டு இயந்திரத்திலும் ஒருவன் அடிமையா? டிஸ்குக்கு ஒரு கேபிள், சீடிக்கு ஒரு கேபிள். இரண்டும் மாஸ்டர். இருபது வருடம் நன்றாகவே ஓடியது.

இப்போது கேபிள் ஒன்று. டிஸ்கில் விண்டோஸ் கெட்டு வருடக்கணக்கு, சீடியில் இருந்துதான் இயக்க வேண்டும். ஆகவே இரண்டும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும்.

செப்டெம்பர் 6

தெல்தோட்டையில் அந்தக் கேபிள் இல்லை. கலஹாவில் இல்லை. "கண்டியில பஹீம் நானாட்ட இருக்கும்" என்றான் கடைக்காரன். அந்த பஹீமின் கடைப் படியை நான் மிதிக்க மாட்டேன்.

கொழும்பில் இருக்கும் தம்பி மகன் பிறையனுக்குப் போன் பண்ணினேன். "அத்தே, அது வயருக்கு வச்ச பேரு. அதுக்குப் போய் ஏன் சண்டை புடிக்கிறீங்க?" என்றான். வைத்துவிட்டேன். அவன் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் 'வியாபாரி'.

செப்டெம்பர் 8

இரண்டையும் மாஸ்டராகவே வைத்து அந்த ஒரே கேபிளில் மாட்டினேன். ஒன்றும் இல்லை. டிஸ்கும் இல்லையாம், சீடியும் இல்லையாம். நேற்றுத் தனியாக மாட்டியபோது ஓடிய சீடிக்கு என்ன வந்தது?

செப்டெம்பர் 9

மறுபடி. ஒன்பது தரம். கழற்றி, துடைத்து, மாட்டி. நடுவில் இருப்பதை நுனிக்கு, நுனியில் இருப்பதை நடுவுக்கு. ஒன்றும் இல்லை.

உண்மையாகவே செத்துப்போய்விட்டதா? அப்படியானால் யோகராஜ் சொன்னது— இல்லை. அவன் சொன்னது எப்படியும் பொய்.

செப்டெம்பர் 10

சுதர்சினி வந்தாள். ஒன்பதாம் வீடு, புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். கூட்டத்தில் எனக்காக வாய் திறக்காதவள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் பாட்டுக்கு உட்கார்ந்தாள்.

"நீங்க அழிச்சிருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா."

"தெரிஞ்சா கூட்டத்துல சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்தான். பயந்துட்டேன். இருபத்திமூணாந் திகதி நான் என்னத்தக்கா காட்டுறது? புள்ளைங்க பொஸ்தகத்தையா?"

திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்து என்னவென்று கேட்டாள். சொன்னேன். தொப்பி, மாஸ்டர், அடிமை, எங்கள் அப்பா, எல்லாம். அவள் சிரிக்கவில்லை.

"எங்க தாத்தாவையும் கூலின்னுதான் எழுதுனானுங்க. அவரு கைநாட்டு வச்சாரு. மானம் பாத்து வைக்காம வந்திருந்தா, எங்க பேரே எங்கயும் இருந்திருக்காதுக்கா."

தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டாள். எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டா! நான் தூக்கி வளத்த புள்ள!

செப்டெம்பர் 11

காலையில் சீடி டிரைவின் பின்னால் இருந்த தொப்பியை ஊசியால் இழுத்து அடுத்த இடத்தில் வைத்தேன். டிஸ்கில் கை வைக்கவில்லை. பெயர்கள் இருப்பது அதில். சீடிதான் இறங்கிப் போகட்டும் என்று நினைத்தேன்.

இரண்டும் வந்தன.

பட்டியல் இருக்கிறது. மூன்று பக்கம், தொரையின் கையெழுத்து, தேதி, முத்திரை. இருபத்திரண்டையும் சத்தமாக வாசித்தேன். ஒன்பது, சுதர்சினியின் மாமியார். பதினான்கு, அழகம்மா. யோகராஜின் அம்மா.

பென் டிரைவில் இரண்டு தரம் பதிந்தேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது. ஒரு கேபிளில் இரண்டு மாஸ்டர் இருந்தால் இரண்டுமே தெரியாது. பஹீமின் டிஸ்கும் மாஸ்டராகத்தான் இருந்திருக்க வேண்டும். அவன் கேட்டானே. சரியான கேள்வியை, மாட்டுவதற்கு முன்னாலேயே கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. ஆறுதலாகப் பார்க்கிறேன் என்றான், அதற்கும் விடவில்லை. பிறகு ஊர் முழுக்க அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன்.

யோகராஜ் என்னை நாற்பது பேர் முன்னால் சொன்னான். கோயில் வாசலில் எத்தனை பேர் நின்றார்கள்? எண்ணவில்லை.

செப்டெம்பர் 12

செய்ய வேண்டியவை.

சஞ்சீவ்: பட்டியலை அச்செடுத்து இருபத்திரண்டு வீட்டுக்கும் ஒவ்வொரு பிரதி. பஸ்ஸில் கேட்டதை ஓடிப்போய்ச் சொல்லத் தெரிந்தவனுக்கு இதையும் கொண்டுபோய்க் கொடுக்கத் தெரியும்.

சுதர்சினி: 23ஆம் திகதி முன் வரிசையில் உட்கார வேண்டும். கேட்டால் பேச வேண்டும். பயமாக இருந்தாலும்.

பிறையன்: ஒரு பிரதி கொழும்பில் அவனிடம் இருக்க வேண்டும். வேறு ஒன்றும் பேசத் தேவையில்லை.

யோகராஜ்: பதினான்காம் வீட்டுப் பிரதியைக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், அதே கதிரையில் இருந்து, சொன்னதைச் சொன்னபடியே திரும்ப எடுக்க வேண்டும். தனியாக வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டால் கதவைத் திறக்க மாட்டேன்.

றேணுகா மிஸ்ஸிடம் லப்டொப்பை பஹீமிடமே கொடுக்கச் சொல்ல வேண்டியது: நான். ஞாயிறு பூசை முடிந்து, எல்லோரும் வாசலில் நிற்கும்போது.

கண்டிக்குப் போய் பஹீமிடம் சொல்ல வேண்டியது: நான். நாளைக்கு, ஏழரை பஸ்ஸில்.