மயக்க டாக்டர் வரும் நேரம்

12.3.2007, திங்கள்
இன்றும் தாமதம். கம்மாபுரத்துப் பெண்ணுக்கு அவசர சிசேரியன். மயக்க டாக்டர் ஹேமசபேசன் வந்து சேரக் காலை ஒன்பது மணி தாண்டிவிட்டது. பிறந்த குழந்தை அழவில்லை. ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்கு அனுப்பியிருக்கிறோம்.

எங்கள் அரசு ஆஸ்பத்திரிக்கு நிரந்தர மயக்க டாக்டர் கேட்டுக் கேட்டு அலுத்துத்தான் இவரை ஒப்பந்தத்தில் எடுத்தோம். இந்த மாதம் 29-ஆம் தேதியோடு முடிகிறது. புதுப்பிக்கலாமா என்று நிர்வாக அலுவலராக நான்தான் எழுதித் தர வேண்டும். சிதம்பரத்தில் ஒரு நர்சிங் ஹோமுக்கும் போகிறாராம். முதலில் அங்கே, அப்புறம் இங்கேயா?

15.3.2007
குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் இன்று மதியமும் தாமதம். "போன் பண்ணியாச்சு மேடம், வந்துகிட்டே இருக்காராம்" என்றாள் பிரசவ வார்டு சிஸ்டர் பிரிசில்லா. எங்கிருந்து வந்துகொண்டே இருக்கிறார்?

17.3.2007
வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சாமி குங்குமம் குடுத்தாக்கூட எதுக்குக் குடுத்தாருன்னு யோசிப்ப நீ" என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

21.3.2007, புதன்
கண்ணால் பார்த்துவிட்டேன். பன்னிரண்டரைக்குப் பிரிசில்லா சொன்னாள், சிசேரியனுக்குக் கூப்பிட்டும் டாக்டர் வரவில்லை என்று. வெளியே வந்தால், எதிர் டீக்கடையில் அவர்! பேப்பர் படிக்கிறார். செல்போன் பக்கத்தில்.

"உள்ள ஒருத்தி துடிக்கிறா. இங்க டீயா டாக்டர்?"

பதறி எழுந்தார். "யாரும் கூப்பிடலியே மேடம். ட்யூட்டி அன்னிக்கு நான் இங்கதான் ஒக்காந்திருக்கேன். உள்ள எனக்குன்னு ஒரு நாற்காலி போட்டீங்களா?" போனை நீட்டினார். காலையிலிருந்து ஓர் அழைப்புகூட இல்லை.

வார்டுக்கு ஓடினோம். கட்டிலருகே அந்தப் பெண்ணின் மாமியார் பொன்னி, கையைக் கட்டிக்கொண்டு. "ஒன்றர வரைக்கும் ராகுகாலம்மா. எம் பேரப்புள்ளய இப்ப அறுத்து எடுக்க உடமாட்டேன். கையெழுத்தும் கெடையாது."

பிரிசில்லா தலையைக் குனிந்துகொண்டாள். "எல்லாரும் இப்பிடித்தான் மேடம். அது போனப்புறம்தான் டாக்டருக்கு போன் பண்ணுவோம். கேட்டா, டாக்டர் லேட்டுன்னுடுவோம். அவரு வெளியாளுதானே."

திங்கள் காலை, வியாழன் மதியம் — எல்லாம் ராகுகாலம். தினமும் காலண்டர் கிழிக்கிறவ நான். எனக்கு ஏன் தோணல? நர்சிங் ஹோம் மட்டும் உடனே தோணிச்சே!

டாக்டர் மாமியாரை விட்டுவிட்டுக் கட்டிலில் இருந்தவளிடம் குனிந்தார். "நீ சொல்லும்மா." அவள் பேனாவுக்குக் கை நீட்டினாள்.

பெண் குழந்தை. நன்றாக அழுதது.

22.3.2007
புதுப்பிக்கலாம் என்று எழுதிவிட்டேன். வார்டிலும் சொல்லியாயிற்று: சிசேரியன் என்று முடிவானதும் டாக்டருக்குப் போன், தாயிடமே கையெழுத்து. அவருக்கு ஒரு நாற்காலியும் போட்டாயிற்று. அவரோ முகம் கொடுத்துப் பேசவில்லை. "யோசிக்கணும் மேடம்." போய்விட்டால் இனி ஒவ்வொருத்தியும் புதுச்சேரிக்குத்தான்.

30.3.2007, வெள்ளி
நேற்றோடு ஒப்பந்தம் முடிந்தது. இன்று பதினொரு மணிக்கு வந்தார். பத்திரத்தை நீட்டினேன். பேனாவைத் திறந்தார், சுவரைப் பார்த்தார், மூடி வைத்தார். நர்சிங் ஹோமில் வேறு ஏதாவது பேசிவிட்டாரோ? திருந்தாத மனம் எனக்கு.

"பன்னெண்டு ஆவட்டும் மேடம்" என்றார், வெட்கத்தோடு. "வெள்ளிக்கெழம. ராகுகாலம்."

எனக்குச் சிரிப்பு வருவதற்குள் அவர் போன் அடித்தது. பிரசவ வார்டு.

"இதோ வரேன் சிஸ்டர்." ஓடிவிட்டார்.

பன்னிரண்டு தாண்டிவிட்டது. கையெழுத்தில்லாத ஒப்பந்தம் என் மேஜைமேல் இருக்கிறது. அவர் இன்னும் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார்.