குமிழியைப் பிடித்த பெண்

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? மாத்திரை போடுகிறீர்களா, டப்பாவைப் பார்த்துப் பெருமூச்சோடு சரியா? நான் சௌக்கியம்.

பெண்பிள்ளைகளை அறிவியலுக்கு இழுக்க நேரலை நடத்துகிறேனே, சனிக்கிழமை அதில் என் மானம் கப்பலேறியது. நுண்ணோக்கிமேல் கைப்பேசியை வைத்து, "இதோ பாருங்க, செல்! என்ன அழகு!" என்று உருகினேன். பத்தாவது படிக்கும் ஒருத்தி எழுதினாள்: "ஆன்ட்டி, சுத்தி தடிச்ச கறுப்புக் கோடு இருக்கு. அது காத்துக் குமிழி. நானும் முதல்ல ஏமாந்தேன்."

குமிழியேதான்! என் இருபது வருட ஆய்வக அனுபவம் பல்லிளித்தது.

அவளிடம் நுண்ணோக்கி கிடையாது. கைப்பேசிக் கேமராமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அதையே லென்ஸாக்கி வெங்காயத்தோலைப் பார்க்கிறாள். படம் அனுப்பினாள். செங்கல் அடுக்கியதுபோல் செல்கள்! எனக்குப் புல்லரித்துவிட்டது.

"கணக்குல மார்க் கம்மி, சயின்ஸ் குரூப் வேணாம்னு இருந்தேன். நீங்களே தப்பு பண்றீங்க. அப்ப நானும் சேரலாம்ல?"

"சேரும்மா" என்பதற்குள் கண்ணாடி பனித்துவிட்டது.

அவளும் நான் வேலை பார்க்கும் இந்த ஊர்தான். பீரோவிலுள்ள என் பழைய பூதக்கண்ணாடியை அனுப்புங்கள், அவளுக்குக் கொடுக்க வேண்டும். உடையாமல் உங்கள் சட்டையில் சுற்றுங்கள். துவைத்த சட்டை வேண்டாம்.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உங்கள்,
குமிழி நிபுணி