எரியாத கால்

இன்று காலை உப்பள வரப்பில் உட்கார்ந்து காலைக் கழுவும்போதுதான் பார்த்தேன். வலது குதிகால் பிளந்து உள்ளே சிவந்திருந்தது. மறுபடியும் பாத்தியில் காலை விட்டேன். எரியவில்லை. இன்னும் கொஞ்சம் ஆழமாக விட்டேன். உப்புத்தண்ணீர் சும்மா இருந்தது. என்னோடு உப்பு வாரிய உன் நினைவு வந்தது.

நம் உப்பளத்தில் புண்ணுக்கு வேறு என்ன பரிசோதனை இருந்தது? காலை விட்டுப் பார்ப்போம். எரிந்தால் ஆறவில்லை, எரியாவிட்டால் ஆறிவிட்டது. கட்டைவிரல் கிழிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு உப்பு வாரினாய் நீ. ஒருநாள் பாத்தியில் இறங்கியவள் அப்படியே நின்றாய்.

“ஏய், எரியவே இல்லடி! மாதா கண்ணத் தொறந்துட்டா!”

புண் வாய் மூடவில்லை என்பதை இரண்டு பேருமே பார்த்தோம். ஆனாலும் உப்பை நம்பினோம். சாயங்காலம் கோயிலில் மெழுகுவத்தி கொளுத்திவிட்டு வந்தோம். எப்பேர்ப்பட்ட முட்டாள்கள் நாம்!

புண்ணில் வாடை வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்க்கரை வியாதி, அதில் கால் மரத்துப்போகும் என்றார்கள். நர்ஸம்மா உன்னைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தை ஒரு நைலான் இழையால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். “தெரியுதாம்மா?” ஒவ்வொரு தடவையும் நீ “தெரியுதுங்க” என்றாய். வாசலுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

“ஒண்ணுமே தெரியலடி. சொன்னா படுக்கப் போட்டுடுவாங்க. கெடையில கெடந்து சாவ என்னால முடியாது.”

மறுநாளே பாத்தியில் நின்றாய். பிறகு கால் போனது. அடுத்த உப்பு வாரும் பருவத்துக்கு நீ உயிரோடு இல்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

இன்று மருமகளிடம் சந்தைக்கு என்று சொல்லிவிட்டு நானே பஸ் ஏறினேன். அதே ஆஸ்பத்திரி, வேறு நர்ஸ், சின்னப் பெண். கண்ணை மூடச் சொன்னாள்.

“தெரியுதாம்மா?”

எனக்கும் தலை நரைத்துவிட்டது. எழுந்து நிற்கவே முழங்காலைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒருத்தர் தூக்கி உட்காரவைக்கும் நாளை நினைத்தால் எனக்கும் நடுக்கம்தான். சத்தியமாகச் சொல்கிறேன், “தெரியுதுங்க” என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உன்னை அப்போதுதான் புரிந்துகொண்டேன்.

“சொல்லுங்கம்மா, தெரியுதா?”

நீ வாசலில் என்னிடம் மட்டும் சொன்னதை இத்தனை நாள் நான்தான் வைத்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமல் அதை அவளிடம் சொன்னேன்.

“ஒண்ணுமே தெரியலம்மா.”