உங்கள் மூச்சுக்கு நான் சாட்சி

பக்கத்து வீட்டு மருமகள் காலையில் வந்து, "அப்பத்தா, பாதாளக்கரண்டி இருக்கா? வாளி கெணத்துக்குள்ள விழுந்துருச்சு" என்று கேட்டாள். இல்லை என்றேன். அந்தக் கொக்கிக் கொத்தைக் கயிற்றில் கட்டித் துழாவுகிற பிழைப்பு நம் வீட்டில் என்றைக்கு இருந்தது? வாளி விழுந்தாலும் குடம் விழுந்தாலும் ஊரே உங்களைத்தானே கூப்பிட்டது. அவள் போன பிறகும் நான் வாசலை விட்டு நகரவில்லை.

வாக்கப்பட்டு வந்த புதிதில் நீங்கள் கிணற்றில் முங்கியதை முதன்முதலாகப் பார்த்தேன். வளையமெல்லாம் அடங்கித் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது, உங்களைக் காணோம். நான் படியில் இறங்கப் போனதைப் பார்த்து அத்தை, "எதுக்குடி பதறுற? அவன் மீனு" என்றார்கள். ஒரு கையில் குடம், மறு கையில் எப்போதோ யாரோ தொலைத்த பித்தளைச் செம்போடு மேலே வந்தீர்கள். "இது யாரு வீட்டுதுன்னு கேளு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். இளைப்பில்லை, இருமலில்லை.

மழை பொய்த்துக் கம்பு கருகிய வருடம் அருப்புக்கோட்டைக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தீர்கள். நெஞ்சைத் தட்டி, ஓடவிட்டுப் பார்த்துத்தான் எடுத்தார்கள். பர்மா எல்லைச் சகதியிலும் மழையிலும் கிடந்து, சண்டை முடியுமுன்பே நெஞ்சுச் சீக்கோடு திருப்பி அனுப்பப்பட்டு வந்தபோது, கிணற்றுப் படியில் பாதி இறங்குவதற்குள் உட்கார்ந்துவிட்டீர்கள். அதற்குப் பிறகுதான் ஊரில் ஒவ்வொரு வீடாகப் பாதாளக்கரண்டி வாங்கினார்கள்.

நோய் பட்டாளத்தில் பிடித்தது என்றால் உயிருள்ளவரை பென்சன், சேருமுன்பே இருந்தது என்றால் ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார்கள். அதை விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். வந்த நாள் பாருங்கள், உங்கள் தங்கச்சிக்கு நரிக்குடியில் பேசியிருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் நம் வேப்பமரத்தடியில் மோர் குடித்துக்கொண்டிருந்தார். பட்டாளத்துக்காரன் எலும்புருக்கியோடு வந்திருக்கிறான், அது வீட்டோடு ஒட்டும் என்ற பேச்சு நரிக்குடி வரைக்கும் போயிருந்தது.

அதிகாரி கேட்டார்: "இந்த நெஞ்சுச் சீக்கு எப்பருந்து?"

உங்கள் அண்ணன் தாய்மாமனைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்: "பட்டாளத்துல ஒட்டுன சீக்கெல்லாம் இல்லைங்க. சின்னப் பிள்ளையிலருந்தே லேசா இழுப்பு. அவ்வளவுதான்."

கதவுக்குப் பின்னால் நின்ற நான் வெளியே வந்துவிட்டேன். "இழுப்புக்காரனையா ஐயா பட்டாளத்துல எடுத்தாக?"

"பொம்பளைக்கு என்ன பேச்சு, உள்ள போ" என்று அத்தை அதட்டினார்கள். அதிகாரி சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை. பிறகு உங்கள் பக்கம் திரும்பினார். "நீ என்னப்பா சொல்ற?"

கட்டிலில் உட்கார்ந்திருந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள், அண்ணனைப் பார்த்தீர்கள். "அண்ணன் சொன்னா சரிதாங்க" என்றீர்கள்.

அதிகாரி போனதும் உங்களைப் பிடித்துக்கொண்டேன். "கெணத்தைக் கேட்டாக்கூட உண்மையைச் சொல்லும். ஒங்க வாய்க்கு என்ன வந்துச்சு?"

"நாலு பேரு முன்னால அண்ணனைப் பொய்யன்னு சொல்லச் சொல்றியா? அந்தப் பிள்ளை கழுத்துல தாலி ஏறட்டும். பெறகு போயி மாத்திச் சொல்லிக்கிருவோம்."

அதை நீங்கள் நம்பினீர்கள். வீட்டில் சொன்ன பேச்சை மறுநாள் மாற்றிக்கொள்வது போல, சர்க்காரிடம் சொன்னதையும் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தீர்கள். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மதுரை ஆபீசுக்குப் போய் நின்றோம். மேசைக்குப் பின்னாலிருந்தவர், "உன் வாயாலயே ஒத்துக்கிட்டயேப்பா" என்றார். திரும்பி வரும்போது காரியாபட்டியில் இறங்கி, மூச்சு வாங்க, ரோட்டோரப் புளியமரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். வெள்ளைக்காரன் போன வருடம், மாசி பிறக்குமுன் நீங்களும் போய்விட்டீர்கள். பிள்ளைகளை நான் கல் உடைத்து வளர்த்தேன்.

எழவுக்கு வந்த உங்கள் அண்ணனுக்கு என் கையால் தண்ணீர் கொடுக்கவில்லை. அவர் சாகும்வரை கொடுக்கவில்லை. அத்தைக்குச் சோறு போட்டேன், பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. உங்கள் தங்கச்சி மட்டும் வருடம் தவறாமல் வருவாள், நான் முகம் கொடுக்காவிட்டாலும் வருவாள். கடைசியாக வந்தபோது கழுத்துச் சரட்டைத் தொட்டுக்கொண்டு, "மதினி, இது எங்கண்ணன் மூச்சு" என்றாள். அன்றைக்குத்தான் அவளை உட்காரச் சொன்னேன். போன ஐப்பசியில் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது கோபித்துக்கொள்ளவும் ஆளில்லை. பேரன் பேத்திகளுக்கு நீங்கள் படத்தில்கூட இல்லாதவர். நீங்கள் நல்ல நெஞ்சோடுதான் பட்டாளத்துக்குப் போனீர்கள் என்று சொல்ல இந்த ஊரில் மிச்சமிருக்கிற ஒரே வாய் என்னுடையது, அதைக் கேட்கத்தான் யாரும் வரவில்லை. உங்கள் மேலும் எனக்குக் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டால் உங்களோடு பேச வேறென்ன இருக்கிறது?

பக்கத்து வீட்டில் கடைசியில் வேறு எங்கோ பாதாளக்கரண்டி வாங்கி வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. கயிறு இறங்கும் சத்தம் இங்கே கேட்டது. எந்தக் கிணற்றில் எது விழுந்தாலும் நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். முடிந்தமட்டும் பிடித்துப் பார்க்கிறேன். நீங்கள் மேலே வருவதற்குள் எனக்கு விட்டுவிடுகிறது.