கிருசாந்தன் எழுதின இலக்கத் தகடு

இஞ்சேருங்கோப்பா,

மோட்டார் சைக்கிளின்ரை இலக்கத் தகட்டைக் கழட்டிக்கொண்டு, புதுசு அடிக்க வவுனியா பஸ் ஏறுறன். நெளுக்குளத்தில மறிச்ச பொலிஸ் சொன்னதை நீங்களும் கேட்டனீங்கள்தானே. பழைய சைக்கிள் எண்டாலும் தகடு சட்டத்தில உள்ள அளவுக்கு இருக்கவேணுமாம், இது சின்னனாம். இன்னொருக்கால் பிடிச்சால் சைக்கிளையே கொண்டுபோயிடுவாங்கள். எங்கட மகன் கிருசாந்தன்ரை எண்டு மிஞ்சினது அது ஒண்டுதான்.

"தகட்டில இருக்கிறது அவன்ரை கையெழுத்து. பிள்ளை வந்து கேட்டால் என்ன சொல்லுவாய்?" எண்டு ராத்திரிக் கத்தினீங்கள். யுத்தத்துக்குள்ள காணாமல் போனவன் இனி வருவான் எண்ட நம்பிக்கை எனக்கு விட்டுப்போச்சு. உங்கட முகத்தைப் பாத்து அதைச் சொல்லேலாமல்தான் இதில எழுதுறன்.

குசினியில புட்டும் கத்தரிக்காய்க் கறியும் மூடி வைச்சிருக்கிறன். கோவத்தில பட்டினி கிடக்காதேங்கோ, மருந்துக் குளிசை போடவேணும்.

பத்மாசனி

பழைய தகட்டை எறியமாட்டன். புதுசு அடிச்ச பிறகு திருப்பிக் கொண்டுவருவன்.

இன்னொண்டு. கழட்டேக்க, அவன் எழுதின கடைசி இலக்கம் துருவோட உரிஞ்சு கையில வந்திட்டுது. திருப்பி ஒட்டிப் பாத்தன். தூளாப் போச்சு.