இருபத்திநாலாம் நம்பர் படம்

15-10-51, திங்கள்

மத்தியானம் வரை வெயில். பிறகு அடைமழை. பள்ளி விட்டு வந்ததும் மைதாப் பசை காய்ச்சினேன். கொஞ்சம் துத்தம் சேர்த்து. இல்லாவிட்டால் பூச்சி அரித்துவிடும்.

திருவனந்தபுரத்து மனநோய் ஆஸ்பத்திரியிலிருந்து படக்கட்டு வந்தாயிற்று. சனிக்கிழமை தக்கலையில் எங்கள் பள்ளி ஹாலில் கண்காட்சி, விற்பனை. வருகிற பணத்தில் அங்கே படம் வரைகிற நோயாளிகளுக்கு ஒரு தனி அறை, சாயம், காகிதம். மாதர் சங்கத்து ஏற்பாடு. அட்டையில் ஒட்டுவது, மாட்டுவது எல்லாம் டிராயிங் மாஸ்டர் தலையில். அதாவது என் தலையில்.

மொத்தம் 23 படம். அதில் 12 என் தம்பி தங்கப்பனுடையது (இனி த.). நாலு வருஷம் அங்கே இருந்துவிட்டு ஆடியில் வீட்டுக்கு வந்தவன். 23-ல் 12!

சரசம் அடுப்பை விட்டுவிட்டு வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். "கேட்டியளா, இது நம்ம திற்பரப்பு அருவியில்லியா! மேல தெறிச்சிருமோண்ணு இருக்கு."

துணிக்குப் போடுகிற நீலத்தில் வரைந்தது. கட்டிய மனைவி என் படங்களுக்கு இருபது வருஷமாகச் சொல்வது "நல்லாட்டு இருக்கு". அவ்வளவுதான்.

16, செவ்வாய்

மழை இல்லை. எட்டுப் படம் ஒட்டினேன். கை முழுக்கப் பசை.

படங்களில் பெயர் கிடையாது, நம்பர் மட்டும். கேட்டுக்கொண்டதே நான்தான். மகள் பாக்கியத்துக்கு இரணியலில் ஒரு இடம் பேசிக்கொண்டிருக்கிறோம். சித்தப்பனுக்கு இப்படி என்று தெரிந்தால் பெண்ணை யார் எடுப்பார்கள்? சங்கத்து அம்மா உடனே ஒத்துக்கொண்டார். எல்லா வீட்டிலும் இதே பயம் உண்டு.

த. பக்கத்தில் உட்கார்ந்து அட்டை வெட்டித் தந்தான். கோணல். ஒரு நேர்கோடு போடத் தெரியாது அவனுக்கு. டிராயிங் பரீட்சையில் ஹையர் கிரேடு பாஸானவன் நான்.

18, வியாழன்

ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தார். த. தோளைத் தட்டினார். "எவ்வளவு உயிரு!" போகும்போது என்னிடம், "ஓய், ஆணி கவனமா அடியும், சுவரு இப்பத்தான் வெள்ளையடிச்சது."

மறைக்காமல் எழுதி வைக்கிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்: எனக்குப் பொறாமை. பைத்தியமாயிருந்தால்தான் பார்ப்பார்களா?

என் பத்மநாபபுரம் அரண்மனைப் படம் உள்ளறையில் கிடக்கிறது. நாற்பத்தோரு நாள் வரைந்தது. ஓடு ஓடாக, ஸ்கேல் வைத்து. வீட்டார் தவிர ஒருவரும் பார்த்ததில்லை.

அதையும் அட்டையில் ஒட்டினேன். 24 என்று நம்பர் போட்டேன்.

20, சனி

காலை தூறல். கூட்டம் நல்ல கூட்டம். வாங்கினால் படத்தின் கீழே சிவப்புச் சீட்டு ஒட்ட வேண்டும். ஒட்டுவதும் நானே.

த. — 7 சீட்டு
ஆஸ்பத்திரியில் பசு மாடு மட்டும் வரைகிற ஒரு அம்மாள் — 4
மற்றவர்கள் — 3
24 — இல்லை

ஆஸ்பத்திரி டாக்டர், மலையாளி, நாலு மணிக்கு வந்தார். அருவி முன்னால் நின்றார், சிரித்தார். 24 முன்னால் நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் ஒருவராவது!

என்னையும் த.வையும் ஓரமாகக் கூப்பிட்டார். "மாஷே, இது என் லிஸ்டில் இல்லையே. யார் வரைஞ்சது? ஒரு ஜன்னல் திறந்திருக்கா? ஒரு மனுஷன் உண்டா? இத்தனை ஓடு எண்ணி எண்ணி வரைஞ்சவன் எப்படி உறங்குவான்? பாவம். இந்த ஆளைத்தான் நான் முதலில் பார்க்கணும்."

என்னுடையது என்று எப்படிச் சொல்வேன்? எனக்கு ஒரு வேலை இருக்கிறது, ஒரு பெண் இருக்கிறாள்.

த. சொன்னான்: "எனக்க படமாக்கும் சாரே. வீட்டில வரச்சது. லிஸ்டில சேக்க விட்டுப்போச்சு."

டாக்டர் முகம் வாடிவிட்டது. திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். சில மாதம் மறுபடியும் அங்கே தங்க வேண்டியிருக்குமாம்.

21, ஞாயிறு

வெயில். சரசம் த.வின் வேட்டிகளைத் துவைத்துப் போட்டாள், அழுதுகொண்டே. அவளுக்கு விஷயம் தெரியாது.

கிணற்றடியில் த.விடம் கேட்டேன்: "ஏம்ல அப்பிடிச் சொன்ன?"

"பின்ன என்ன செய்ய? நீ அங்க போனா தாங்க மாட்டண்ணே. எனக்கு அந்த எடம் பழக்கமாக்கும்."

சொல்லிவிட்டு வாளியில் கால் கழுவினான். இதிலும் அவனே ஜெயித்தான் என்று நினைத்தேன். என்ன மனுஷன் நான்.

22, திங்கள். திருவனந்தபுரம்

பஸ்ஸில் த. ஜன்னலோரம். வழியெல்லாம் வேடிக்கை பார்த்தான். டாக்டரிடம் உண்மையைச் சொல்ல நாலு தடவை மனசுக்குள் வாக்கியம் அமைத்தேன். அறைக்குள் போனதும் மழையைப் பற்றிப் பேசினேன்.

டாக்டர் த. முன்னால் ஒரு காகிதம், பென்சில் வைத்தார். "அந்த அரண்மனையை இன்னொரு தடவை வரையேன், பார்ப்போம்."

த. என்னைப் பார்த்தான். வரைந்தான். என்னைப் போல வரையத்தான் பார்த்தான், பாவி, முடியவில்லை. கூரை சரிந்தது. ஜன்னல் எல்லாம் திறந்துகொண்டது. ஒன்றில் ஒருத்தி தலை சீவினாள். முற்றத்தில் கோழி. ஐந்து நிமிஷம். அரண்மனை மூச்சு விட்டது. நாற்பத்தோரு நாள் எனக்கு வராதது.

பொறுக்கவில்லை. தம்பியைக் காப்பாற்ற என்று எழுதிக்கொள்ள ஆசை. அது பொய். பென்சிலைப் பிடுங்கினேன். காகிதத்தைத் திருப்பிப் போட்டு, "அது அப்படியில்லை சார், இப்படி" என்று முதல் ஓட்டிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு ஓடாக. கையை நிறுத்த முடியவில்லை. மூன்றாவது வரிசை முடியும்வரை டாக்டர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு த.விடம் சொன்னார்: "தங்கப்பா, நீ வீட்டுக்குப் போகலாம்."

என்னிடம் நாற்காலியைக் காட்டினார்.

"மாஷ் இரிக்கணும்."